தீர்மானம் ஆகும் முன்னே

சென்னை யானைக்கவுனி மேம்பாலம் 1933இல் கட்டியது. சென்ட்ரலுக்கு வரும் தண்டவாளங்களுக்கு மேலே ஏறி இறங்கி, வால்டாக்ஸ் சாலையை ராஜா முத்தையா சாலையோடும், அதற்கப்பால் சூளை, வேப்பேரி, புரசைவாக்கத்தோடும் சேர்த்த பாலம். பலம் போய்விட்டது என்று 2016இல் வண்டிகளை நிறுத்தினார்கள். பிறகு இடித்தார்கள். புதுப் பாலத்தில் ஒரு பக்கமாவது வண்டி ஓட எட்டாண்டு ஆயிற்று. சௌகார்பேட்டைக் கிடங்குகளில் சரக்கு ஏற்றிய மீன்பாடி வண்டிக்காரர்கள் அத்தனை ஆண்டும் சென்ட்ரல் பக்கமோ பேசின் பிரிட்ஜ் பக்கமோ சுற்றித்தான் போனார்கள். மிதித்த தூரத்துக்கு எந்த அலுவலகமும் கணக்கு வைக்கவில்லை.

தாமதத்துக்குக் காரணம் கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் திரும்பத் திரும்பக் கிடைத்தது. தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயின் வேலை. இரண்டு பக்கமும் இறங்கும் சாய்வுப் பாதை மாநகராட்சியின் வேலை. ஒருவர் முடித்தால்தான் மற்றவர் முழுதாக முடிக்க முடியும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பாலத்தை மூடிய அதே 2016இல், அக்டோபர் மாதம், சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலமும் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் இந்த நகரத்தில் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. அதிகாரிகள் இருந்தார்கள், அலுவலகம் இருந்தது, குப்பை வண்டி வந்தது. ஆனால் பாலம் என்னாயிற்று என்று மன்றத்தில் எழுந்து கேட்க யானைக்கவுனிக்காரர் வாக்களித்து அனுப்பிய ஆள் இல்லை. அதற்கு முன்பும் இப்படி ஒரு வெறுமை இருந்தது, இன்னும் நீளமாக: 1973இல் கலைத்த மன்றம் 1996இல்தான் திரும்பக் கூடியது. இரண்டு தலைமுறைக்கு, மாநகராட்சி என்றால் ஓர் அரசு அலுவலகம் என்ற நினைப்பு பழகிப்போனதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மாநகராட்சி மன்றத்தில் எது முடிவாகிறது, எது முடிவாவதில்லை, நம் பேச்சு எந்த இடத்தில் எடுபடும் என்பதைப் பார்ப்போம். யானைக்கவுனியை வைத்தே பார்க்கலாம். வேறெந்தப் பேட்டைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டு, 15 மண்டலம். 2011 வரை 155 வார்டுதான். திருவொற்றியூர், மணலி, அம்பத்தூர் போன்றவை அந்த ஆண்டில் சேர்ந்தபோது நகரத்தின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. யானைக்கவுனி 5ஆவது மண்டலமான ராயபுரத்தில் வருகிறது. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்பது 2016இல் வந்த சட்டம். இப்போதைய முறையில் மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 மார்ச் 4இல் மேயரான பிரியா ராஜன் 74ஆவது வார்டிலிருந்து, வடசென்னையிலிருந்து வந்தவர். அப்போது அவருக்கு வயது 28.

மேயர் மன்றத்துக்குத் தலைவர். நிர்வாகத்தை நடத்துவது ஆணையர், அதாவது மாநில அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. மன்றம் தீர்மானம் போடும். கோப்பு ஆணையரிடம் நகரும். பெரிய தொகையென்றால் கோட்டைக்குப் போய் அரசின் அனுமதி வாங்கித் திரும்பும். கவுன்சிலரைப் பிடித்து உலுக்கும் முன் இந்த வரிசையைத் தெரிந்துகொள்வது நல்லது.

உங்கள் சந்தில் மழைநீர் வடிகால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டின் உதவிப் பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு போட வேண்டும். அது மண்டலக் குழுவுக்குப் போகும். அந்த மண்டலத்துக் கவுன்சிலர்கள் எல்லாரும் உட்காரும் கூட்டம் அது. தொகை பெரிதானால் தலைமையிடத்தில் துறைக்கும் நிலைக்குழுவுக்கும் போகும். கணக்கு, பொது சுகாதாரம், கல்வி, வரிவிதிப்பும் நிதியும், நகரமைப்பு, பணிகள் என்று ஆறு நிலைக்குழு உண்டு. அதன்பிறகே ரிப்பன் மாளிகையில் மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஏறும். தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, பள்ளம் தோண்டுதல் என்று அதற்குப் பிறகும் படிகள் இருக்கின்றன.

மன்றக் கூட்டத்தை ஒருமுறையாவது கவனித்தவர்களுக்குத் தெரியும்: கேள்வி நேரத்திலும் நேரமில்லா நேரத்திலும் குரல் உயரும், தெருவிளக்கும் தெருநாயும் கழிவுநீரும் வரும், மேயர் பதில் சொல்வார். பிறகு தீர்மானங்கள். கட்டுக்கட்டாக வைத்து, பெரும்பாலும் விவாதமின்றி, ஒரே மூச்சில் நிறைவேறும். 2022 தேர்தலில் ஒரே கட்சிக்கு 200இல் 153 இடம் கிடைத்த மன்றத்தில் அது வியப்பில்லை. ஒரு தீர்மானம் பொருள் நிரலில் ஏறிவிட்டதென்றால் அதன் தலைவிதி பெரும்பாலும் எழுதியாயிற்று. பேச வேண்டிய நேரம் அதற்கு முந்தையது.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் குறை மன்றத்துக்குரியதுதானா? அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 வேலைகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியல் போட்டுத் தந்தது. ஒப்படைப்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. சென்னையில் நிறைய வெளியிலேயே இருக்கிறது. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978இல் அமைந்த குடிநீர் வாரியத்துடையவை. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. வால்டாக்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் நவம்பர் மழைக்கு இந்த இரண்டு தண்ணீரும் கலந்து முழங்கால் வரை நிற்கும்போது, அது யாருடைய தண்ணீர் என்பதில்தான் முதல் அரை நாள் போகும். மூடி திறந்து பொங்குவது ஆள்நுழைவுக் குழியா, வடிகால் தொட்டியா என்று பார்த்துச் சொன்னால் அந்த அரை நாள் மிச்சம். முதலாவதென்றால் குடிநீர் வாரியம். இரண்டாவதென்றால் 1913 எண்ணில் மாநகராட்சி.

பேருந்து வேறு கழகம். போக்குவரத்து போலீஸ் வேறு. பெரிய கட்டட அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமம். நடைபாதையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவது நகர்ப்புற வாழ்விட வாரியம். அவர்கள் இரவு தங்கக் காப்பகம் நடத்துவது மாநகராட்சி. எண்ணூரில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கொசஸ்தலையாற்றில் பரவி மீனவர் வலையையும் படகையும் கறுப்பாக்கியபோது, அந்த வார்டுகளின் கவுன்சிலர்கள் படகில் போய்ப் பார்க்கலாம், மன்றத்தில் பேசலாம். ஆலைக்கு உத்தரவு போடும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம்தான். வடசென்னைக்கு அண்மையில் வந்த பெரிய பணமும் மன்றத்தின் வழியாகப் பிறந்ததல்ல. 2023 மாநில நிதிநிலை அறிக்கையில் ஆயிரம் கோடி என்று அறிவித்த வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் யானைக்கவுனிக்குப் பக்கத்திலேயே தங்கசாலையில் முதல்வர் தொடங்கி வைத்தபோது 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. அதை ஒருங்கிணைத்தது வளர்ச்சிக் குழுமம். பணம் வந்தது நல்லது. பல பத்தாண்டு பாக்கி. ஆனால் எந்தத் தெருவுக்கு எது முதலில் என்ற முடிவு, அந்தத் தெருவின் கவுன்சிலர் உட்காரும் மன்றத்தில் எடுத்ததல்ல.

இவ்வளவு சொன்னதும் மன்றத்தால் ஒன்றும் ஆகாது என்று தோன்றலாம். அப்படி இல்லை. இந்தியாவிலேயே மிகப் பெரிய சமூக நலத் திட்டங்களில் ஒன்று இந்த மன்றத்தில்தான் முளைவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் மன்றத்தின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுப்பதென்று 1920 செப்டம்பர் 16இல் ஒப்புதல் ஆயிற்று. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பசியோடு வரும் பிள்ளை பள்ளியில் நிற்காது என்று கண்டவர்கள், வருகை கூடுவதையும் கண்டார்கள். இன்னும் சில பள்ளிகளுக்கு விரித்தார்கள். 1925இல் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக்கூடாது என்று மேலே இருந்த அரசு மறுத்ததே காரணம். முதலில் யோசித்தது நகர மன்றம், நிறுத்தியது கருவூலச் சாவி. அந்த இழுபறி இன்றும் மாறவில்லை.

இன்றும் யானைக்கவுனியில் ஒரு ஏழைக் குடும்பத்தின் நாளைத் தாங்குவதில் மாநகராட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. பிள்ளை படிப்பது மாநகராட்சிப் பள்ளி. காய்ச்சலுக்குப் போவது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். பேறு பார்க்க மாநகராட்சி மகப்பேறு மருத்துவமனை. 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியை நம்பித்தான் சுமை தூக்கும் எத்தனையோ பேரின் காலை விடிகிறது. இவற்றில் எத்தனை பேர் வேலைக்கு, எந்தச் சமையலறைக்கு என்ன பாத்திரம், எந்தப் பள்ளிக்குக் கழிப்பறை என்பதெல்லாம் மன்றத்தின் கைக்குள் இருப்பவை.

பணம் எங்கிருந்து வருகிறது? சொத்து வரி, தொழில் வரி, மாநில அரசு பகிர்ந்து தருவது. சொத்து வரிதான் முதுகெலும்பு. 1998க்குப் பிறகு சென்னையில் நிலைத்த உயர்வு இல்லை. 2018இல் ஏற்றியதை அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில், மன்றம் பதவியேற்ற மறு மாதமே, மாநில அரசின் உத்தரவு வந்தது. பழைய நகர எல்லைக்குள் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 விழுக்காடு உயர்வு. 1,200 வரை 75. 1,800 வரை 100. அதற்கு மேல் 150. அரையாண்டுக்கு ஆயிரம் ரூபாய் கட்டிய சின்ன வீட்டுக்காரர் ஆயிரத்து ஐந்நூறு கட்ட வேண்டும். பதினைந்தாவது நிதிக் குழுவின் மானியம் வேண்டுமானால் வரியைச் சீராய்வு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைக் காரணம் காட்டினார்கள். தீர்மானம் மன்றத்தில்தான் நிறைவேறியது, ஆனால் தொகை கோட்டையிலிருந்து வந்தது. 2024 அக்டோபரில் ஏறிய 6 விழுக்காடும் அப்படியே.

வரியைப் பற்றி இந்த ஊருக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1688இல் மாநகராட்சியைத் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் கணக்கே, தங்கள் ஆட்களும் உட்கார்ந்த அவை கேட்டால் மக்கள் மனமுவந்து வரி கட்டுவார்கள் என்பதுதான். அடுத்த நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர் முற்றுகைக்குப் பிறகு, கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். யானைக்கவுனி அந்த மதிலின் வாசல்களில் ஒன்று. மதில் செலவை ஊராரிடம் வசூலிக்கப் பார்த்தார்கள். ஊரார் ஒத்துக்கொள்ளவில்லை, அதற்குச் சட்ட அதிகாரமும் இல்லை என்று தெரிந்தது. அந்த மதில் வரி, ‘வால் டாக்ஸ்’, வசூலாகவே இல்லை, வால்டாக்ஸ் சாலையின் பெயரில் மட்டும் நிற்கிறது. மதிலின் ஒரு துண்டு ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவில் இன்றும் இருக்கிறது. கேட்காமல் போட்ட வரியை அன்றே எதிர்த்துக் கேட்டவர்கள் இந்தத் தெருக்காரர்கள்.

அண்மையில் மன்றம் போட்ட இரண்டு தீர்மானங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

2024 அக்டோபர் இறுதியில், மாநகராட்சியின் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, விளையாடும் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று. வியாசர்பாடி முல்லை நகரும், யானைக்கவுனிப் பிள்ளைகள் பாலம் தாண்டிப் போய் ஆடும் நேவல் மருத்துவமனை சாலைத் திடலும் அந்தப் பட்டியலில் இருந்தன. வடசென்னையில் கால்பந்து பொழுதுபோக்கு மட்டுமல்ல. வியாசர்பாடியை ‘குட்டி பிரேசில்’ என்பார்கள். வெறுங்காலில் ஆடத் தொடங்கி விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஒரு பிள்ளை தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் மாதம் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். எந்த வீட்டில் கொடுப்பார்கள்? எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில், மறு நாளே தீர்மானம் கைவிடப்பட்டது.

2025 ஜூனில் வேறொரு தீர்மானம். 5, 6 மண்டலங்களின், அதாவது ராயபுரத்துக்கும் திரு.வி.க. நகருக்குமான தூய்மைப் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைப்பது. பெரும்பாலான மண்டலங்களில் ஏற்கெனவே தனியார்தான். இந்த இரண்டு மண்டலங்களில் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் பல ஆண்டாக வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் சுமார் 23 ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தனியாரிடம் போனால் பல ஆயிரம் குறையும், நிரந்தரமாகும் நம்பிக்கையும் போய்விடும் என்றார்கள். கொரோனாவில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டபோது அந்தக் கதவுக்கு வெளியே குப்பையை எடுத்தவர்கள் இவர்கள். ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசல் நடைபாதையில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். அனுமதியில்லாத இடம் என்ற உயர்நீதிமன்ற உத்தரவின்படி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறு நாள் அமைச்சரவை இலவச உணவு, காப்பீடு, வீடு என்று நலத் திட்டங்களை அறிவித்தது. தீர்மானத்தை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்தது. கடைசியாக வாங்கிய கூலி குறையக்கூடாது என்றது.

முதல் தீர்மானம் ஒரே நாளில் திரும்பியது, இரண்டாவது திரும்பவில்லை. கால்பந்தில் கையெழுத்தாகிவிட்ட ஒப்பந்தம் இல்லை. குப்பையில் பல ஆண்டுக்கான ஒப்பந்தம் முடிவாகியிருந்தது. ஆனால் இரண்டிலும் ஒரு பிழை பொது. தீர்மானத்தால் வாழ்க்கை மாறப்போகிறவர்களிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. தெரு சுத்தமாக வேண்டும், செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று மன்றம் கவலைப்படுவது நியாயம். அந்தக் கணக்கைப் போடும் மேசையில் துடைப்பம் பிடிக்கும் கையும் இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

முன்கூட்டிக் கேட்க ஓர் அமைப்பு சட்டத்தில் இருக்கிறது. 2022இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரியும். சென்னையில் வார்டுக்குப் பத்து. அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லாரும் பகுதி சபையில் உறுப்பினர். கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. அதில் பகுதிக்கு ஒருவர். கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ நகரத்துக்கு இது அப்படி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். முதல் சபைகள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் நடந்தன. எங்கள் தெருவுக்குச் சொல்லவே இல்லை என்பதுதான் மக்களிடம் அதிகம் கேட்கும் குறை. தேதியை வார்டு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள்.

போகும்போது வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள். ‘எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது’ என்பதைவிட, எந்தக் கதவு எண் முதல் எந்தக் கதவு எண் வரை, எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் நிற்கிறது, வடிகால் எங்கே போய் முடிகிறது என்று எழுதினால் உதவிப் பொறியாளர் அதிலிருந்தே மதிப்பீடு போடலாம். ஒரு படம் சேருங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். பின்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க அதுவே ஆதாரம். சிறு வேலையென்றால் கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியிலேயே முடியும். 2025-26இல் அது 60 லட்சமாக உயர்ந்தது. பெரிய வேலையென்றால் பெரும்பாலும் மார்ச்சில் மேயர் நிதிநிலை அறிக்கை படிப்பதற்கு முன், டிசம்பர், ஜனவரியிலேயே மண்டலத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்த அமைப்பில் யானைக்கவுனிக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பகுதி சபை வாக்காளருக்கானது. வால்டாக்ஸ் சாலையில் பகலெல்லாம் மூட்டை சுமப்பவரின் வாக்கு திருவொற்றியூரிலோ பீகாரிலோ இருக்கும். கடையில் நிற்கும் பெண் வியாசர்பாடியிலிருந்து வருவார். பொதுக் கழிப்பறை, குடிதண்ணீர், உட்காரும் நிழல் இவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும். சபையில் இவர்களுக்குக் குரல் இல்லை. இரவு கடைகள் மூடிய பிறகு நடைபாதையில் பாய் விரிக்கும் குடும்பங்களில் சிலரிடம் வாக்காளர் அட்டை உண்டு, சிலரிடம் இல்லை. கடைக்காரர் சங்கமும் சுமைப்பணித் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து கழிப்பறைக்கு மனு எழுதி, வாக்குள்ள ஒருவர் கையால் சபையில் கொடுக்கலாம். விதியைத் திருத்தி, அந்தத் தெருவில் உழைப்பவருக்கும் சபையில் பேச இடம் தரச் சொல்லி மன்றமே அரசைக் கேட்கலாம். அதற்குப் பைசா செலவில்லை.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243யு பிரிவு. 2016இலும் அதே பிரிவுதான் இருந்தது. நீதிமன்ற வழக்குகளிலும் வார்டு மறுவரையறையிலும் தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தேர்தலை நடத்தும் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையத்துடையது. தேதி அறிவிப்பு தாமதமானால், கேள்வி போக வேண்டிய முகவரி அதுதான்.